மஞ்சள் தண்ணீரும் ஒரு நேர்கோடும்: பி.எஸ்சி. வேதியியல் ப்ராஜெக்ட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவர்கள் நான்கு பேர் 2023 டிசம்பரில் தொடங்கி 2024 ஏப்ரலில் முடித்த ப்ராஜெக்ட் இது. சென்னை மடிப்பாக்கத்தில் ஒரே தெருவில் உள்ள ஐந்து வீடுகளின் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் எவ்வளவு இரும்பு இருக்கிறது, அது மண்ணிலிருந்து வருகிறதா குழாயிலிருந்து வருகிறதா என்று பார்த்தார்கள். நான் அவர்களுக்கு கைடு. கல்லூரிப் பெயரும் மாணவர் பெயரும் இங்கே வேண்டாம்.

இதை எழுதக் காரணம் கடைசியில் கிடைத்த விடை இல்லை. அந்த விடை அந்தத் தெருக்காரர்களுக்கு அரைகுறையாக ஏற்கெனவே தெரிந்ததுதான். நடுவில் ரீடிங்குகள் இரண்டு தடவை பொய் சொன்னதும், இரண்டு தடவையும் மாணவர்கள் அதைக் கையும் களவுமாகப் பிடித்ததும்தான் எழுத வைத்தது. பிடிக்க முடிந்ததற்குக் காரணம், எடுத்துக்கொண்ட கேள்வி திரும்பத் திரும்ப அளந்து பார்க்கும் அளவுக்குச் சின்னதாக இருந்தது.

தலைப்பு வந்த கதை

முதலில் கொண்டுவந்தது வேப்பிலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள். சென்னையில் எந்தக் கல்லூரியின் வேதியியல் துறை அலமாரியைத் திறந்தாலும் வேப்பிலை, துளசி, கறிவேப்பிலை என்று இதே ப்ராஜெக்ட் வரிசையாக பைண்டு செய்து நிற்கும். சில்வர் நைட்ரேட் கரைசலில் இலைச் சாற்றை விட்டால் பழுப்பாக மாறும். யு.வி. கருவியில் 420 நானோமீட்டரை ஒட்டி ஒரு முகடு தெரியும். அப்புறம் எக்ஸ்.ஆர்.டி.க்கும் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) எஸ்.இ.எம்.முக்கும் (எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம்) வெளியே பணம் கட்டி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மாணவர் கையால் நடக்கும் வேதியியல் ஒரு மதியத்தோடு முடிந்துவிடும்.

அந்தத் தலைப்பில் நல்ல வேலையே செய்ய முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் நான் முதலில் கேட்பது, ரீடிங் சந்தேகமாக வந்தால் மறுநாளே மறுபடி அளக்க முடியுமா என்பதைத்தான். காசு கொடுத்து வாங்கிய எஸ்.இ.எம். படத்தை யாரும் இரண்டாவது முறை எடுப்பதில்லை. வந்த படத்துக்கு ஏற்ற மாதிரி விளக்கம் எழுதிவிடுவார்கள்.

"உங்கள் வீட்டில் வேதியியல் சம்பந்தமாக எது தொல்லை கொடுக்கிறது?" என்று கேட்டேன். மடிப்பாக்கத்திலிருந்து வரும் பெண் உடனே சொன்னாள்: "குழாய்ல துணி கட்டி வெச்சிருக்கோம் மேம். ஒரு வாரத்துல செங்கல் கலர் ஆயிடும். அப்பா பைப் துருன்னு சொல்றார். பக்கத்து வீட்டு அங்கிள் மண்ணே அப்படித்தான்னு சொல்றார்."

அப்பாவா, அங்கிளா? ப்ராஜெக்ட் அங்கேயே கிடைத்துவிட்டது.

மற்ற மூவருக்கும் அது கொஞ்சம் சப்பென்று இருந்தது. நானோ என்ற சொல் தலைப்பில் இல்லாமல் போனதில் ஒருவனுக்கு உண்மையாகவே வருத்தம். ஐ.ஐ.டி. மெட்ராஸில் கட்டணம் வாங்கிக்கொண்டு மாதிரிகளை அளந்து தரும் கருவி மையம் இருக்கிறதே, அங்கே ஐ.சி.பி. என்ற உலோகம் அளக்கும் கருவியில் கொடுத்துவிட்டால் எல்லா உலோகமும் ஒரே நாளில் வந்துவிடுமே என்றான். வரும். இருந்தாலும் வேண்டாம் என்றேன். நிறக் கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் எங்கள் லேப் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரே இரும்புக்குப் போதும்.

முறை, சுருக்கமாக

தண்ணீரில் இரும்பு அளப்பதற்குப் பழைய, நம்பகமான வழி 1,10-பினாந்த்ரோலின். ஃபெரிக் நிலையில் (மூன்று எலக்ட்ரான் இழந்தது) இருக்கும் இரும்பை முதலில் ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு விட்டு ஃபெரஸ் நிலைக்கு (இரண்டு மட்டும் இழந்தது) கொண்டுவர வேண்டும். அமிலத்தன்மையை ஒரே அளவில் நிறுத்தும் அசிடேட் பஃபர் விட்டு அதைச் சரிக்கட்ட வேண்டும். பிறகு பினாந்த்ரோலின். ஓர் இரும்பு அயனியை மூன்று பினாந்த்ரோலின் மூலக்கூறுகள் பிடித்துக்கொள்ள, ஆரஞ்சுச் சிவப்பு நிறம் எழும்பும். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து 510 நானோமீட்டரில் அப்சார்பன்ஸ், அதாவது ஒளி உறிஞ்சும் அளவு, எடுப்பார்கள்.

ரசாயனம் வாங்க பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவுக்கு அட்டெண்டர் அண்ணனோடு போய்வந்தார்கள். பினாந்த்ரோலின் விலையைக் கேட்டு மிரண்டார்கள். ஆனால் 0.1 சதவீதக் கரைசல் 100 மில்லி தயாரிக்க 100 மில்லிகிராம் போதும். மிகச் சின்ன பாட்டிலே நான்கு பேருக்கும் மிஞ்சும்.

டிசம்பர்: வேலை நின்றது

மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் பக்கமெல்லாம் வெள்ளம். வெள்ளத் தண்ணீர் இறங்கிய உடனே எடுக்கும் மாதிரி அந்த மண்ணின் வழக்கமான நிலையைச் சொல்லாது. எனவே மாதிரி சேகரிப்பை ஜனவரி கடைசிக்குத் தள்ளினோம். மடிப்பாக்கத்துப் பெண் மட்டும் ஆர்வம் தாங்காமல் பொங்கலுக்கு முன்பே வீட்டுத் தண்ணீரை ஒரு மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து வந்து லேப் ஜன்னலோரம் வைத்துவிட்டாள். அந்த பாட்டிலுக்குப் பிற்பாடு ஒரு வேலை வந்தது.

காத்திருந்த நாட்களில், ஒப்பிட்டுப் பார்க்க இரும்பின் அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசல்களைத் தயார் செய்யச் சொன்னேன். மோர் உப்பு (ஃபெரஸ் அமோனியம் சல்பேட்) 0.7022 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் இரும்பு உள்ள ஸ்டாக், அதாவது மூலக் கரைசல் கிடைக்கும். பொங்கல் விடுமுறைக்கு முன் ஸ்டாக்கைத் தயாரித்து மூடி வைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து அதை நீர்த்து லிட்டருக்கு 1 முதல் 5 மில்லிகிராம் வரை ஸ்டாண்டர்டுகள் செய்து அளந்தார்கள்.

முதல் பொய்

இரும்பின் அளவுக்கு எதிராக அப்சார்பன்ஸைக் குறித்த வரைபடம் அழகாக வந்தது. ஆர் ஸ்கொயர் 0.998. துள்ளிக் குதித்து வந்து காட்டினார்கள்.

இந்த ஆர் ஸ்கொயர் மோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புள்ளிகள் ஒரே கோட்டில் உட்கார்ந்திருக்கின்றன என்பதை மட்டும்தான் அது சொல்லும். அந்தக் கோடு சரியான கோடா என்று அதற்குத் தெரியாது. ஐந்து ஸ்டாண்டர்டும் ஒரே ஸ்டாக்கிலிருந்து எடுத்தவை. ஸ்டாக்கிலேயே குறை இருந்தால் ஐந்தும் ஒரே விகிதத்தில் குறையும். கோடு அப்போதும் நேராகத்தான் இருக்கும்.

அதனால் சாய்வைப் பார்க்கச் சொன்னேன். இந்த ஆரஞ்சுச் சேர்மத்தின் மோலார் உட்கவர் திறன் (ஒரு மோல் அளவு எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்ற எண்) புத்தகங்களில் ஏறத்தாழ 11,100 என்று இருக்கும். இரும்பின் அணு நிறை 55.85. ஆக, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இரும்பு இருந்தால் ஒரு சென்டிமீட்டர் க்யூவெட்டில் (கரைசலை ஊற்றி அளக்கும் சிறு குப்பி) அப்சார்பன்ஸ் 0.2 வர வேண்டும். இரண்டாம் ஆண்டில் படித்த பியர்–லாம்பர்ட் விதிதான்; கால்குலேட்டரில் அரை நிமிடக் கணக்கு. இவர்களுக்கு வந்த சாய்வு 0.15. கால்வாசி இரும்பைக் காணோம்.

இரண்டு நாள் அலசினார்கள். தராசு, பிப்பெட், அலைநீளம் எல்லாம் சரி. உப்பு பழசாகி ஃபெரிக் ஆகியிருக்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். நல்ல யோசனைதான், ஆனால் ஹைட்ராக்சிலமீன் விடுவதால் அது நிலைக்காது. மொத்த இரும்பு மாறாதே. கடைசியில் நானோ வருத்தக்காரன்தான் ஸ்டாக் குடுவையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான். அடியில் மெல்லிய மஞ்சள் படலம்.

ஸ்டாக் கரைசலில் கந்தக அமிலம் விடாமல் வெறும் வாலை வடிநீரில் கரைத்திருந்தார்கள். லேப் கையேட்டில் இருக்கும் வரிதான், அவசரத்தில் தாண்டிவிட்டார்கள். ஃபெரஸ் இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஃபெரிக் ஹைட்ராக்சைடாக அடியில் படிந்துவிடும். அமிலம் இருந்தால் இது மிக மெதுவாக நடக்கும். நடுநிலைக்கு அருகே வரவர வேகம் எகிறும், பி.ஹெச். ஓர் எண் கூடினால் வேகம் ஏறக்குறைய நூறு மடங்கு.

அமிலம் விட்டுப் புது ஸ்டாக் தயாரித்தார்கள். சாய்வு 0.2-க்கு வந்துவிட்டது.

நான் இதில் தலையிட வேண்டிய தேவை அப்புறம் இருக்கவில்லை. நால்வரில் அதிகம் பேசாத பெண் ஜன்னலோரத்து மினரல் வாட்டர் பாட்டிலை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். மேலே கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர், அடியில் பழுப்பு வண்டல். "ஸ்டாக்ல நடந்ததுதான் மேம் இதுலயும் நடந்திருக்கு. இதை இப்படியே பிப்பெட் பண்ணியிருந்தா இரும்பே இல்லைன்னு வந்திருக்கும்." அளந்து பார்த்தார்கள். தெளிந்த மேல்தண்ணீரில் ரீடிங் பிளாங்க்கை (இரும்பே இல்லாத கரைசல்) ஒட்டியே இருந்தது. பாட்டிலைக் குலுக்கி, அமிலம் விட்டுச் சூடாக்கிக் கரைத்த பிறகு அளந்தால் முள் எகிறியது.

ஸ்டாண்டர்டு கெட்டால் மாதிரியில் உள்ளதைவிட இரும்பு அதிகமாகத் தெரியும். மாதிரி கெட்டால் குறைவாகத் தெரியும். இரண்டும் ஒரே ப்ராஜெக்டில் நடந்து ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டி, நம்பும்படியான ஓர் எண்ணாக வெளியே வந்திருந்தால் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. இப்படி எத்தனை ரிப்போர்ட் பைண்டு ஆகி அலமாரியில் இருக்கிறதோ!

மாதிரி எடுத்தது

தண்ணீர் பிடித்த கணத்திலேயே அது அமிலத்தில் சேர வேண்டும். நைட்ரிக் அமிலப் பாட்டிலைப் பறக்கும் ரயிலில் கொண்டுபோக நான் அனுமதிக்கவில்லை. லேபிலேயே ஒவ்வொரு பாலித்தீன் பாட்டிலிலும் அமிலத்தை அளந்து விட்டு, இறுக மூடி, பெட்டியில் அடுக்கி, அட்டெண்டர் அண்ணன் துணையோடு ஆட்டோவில் போனார்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் "ஆசிட் உள்ளது, அலசாதீர்கள்" என்று தமிழில் ஒட்டியிருந்தார்கள். அப்படியும் ஒரு வீட்டுப் பாட்டி, பாட்டிலில் ஏதோ ஒட்டியிருக்கிறது, அலசித் தருகிறேன் என்று கையில் எடுத்துவிட்டார். "பாட்டி, வெச்சிடுங்க, வெச்சிடுங்க!" என்று நான்கு பேரும் கத்தியதில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் மாதிரியை மாடித் தொட்டிக்குப் போகும் முன்பே, மோட்டார் குழாயிலிருந்து பிடித்தார்கள். தொட்டியில் விழும்போது தண்ணீர் காற்றோடு கலந்து இரும்பு படிய ஆரம்பித்துவிடும். தொட்டிக் குழாயில் வரும் தண்ணீர் மண்ணைப் பற்றியும் சொல்லாது, குழாயைப் பற்றியும் சொல்லாது. காலையில் மோட்டார் போட்டவுடன் வரும் முதல் தண்ணீர் ஒரு பாட்டில், கால் மணி நேரம் ஓடிய பிறகு இன்னொரு பாட்டில். இரவு முழுக்கக் குழாயில் தேங்கியது முதலாவது. பூமிக்கடியிலிருந்து புதிதாக ஏறுவது இரண்டாவது. அப்பா சொல்வது சரியென்றால் முதல் பாட்டிலில்தான் இரும்பு இருக்க வேண்டும். அங்கிள் சொல்வது சரியென்றால் இரண்டிலும் இருக்க வேண்டும்.

இரண்டாவது பொய்

பொங்கல் பாட்டில் அனுபவத்தில் பயந்துபோய், அமிலத்தைத் தாராளமாக விட்டிருந்தார்கள். 250 மில்லி பாட்டிலுக்கு அரை மில்லி போதும். இவர்கள் ஐந்து மில்லி. "இருக்கட்டும் மேம், சேஃப்டிக்கு" என்றார்கள்.

எல்லா மாதிரியிலும் நிறம் வெளிறித் தெரிந்தது. தெருவில் துணி செங்கல் நிறமாகிறது. க்யூவெட்டிலோ வெளிர் ஆரஞ்சு. இங்கேதான் ஸ்பைக் சோதனை உதவியது. மாதிரியோடு, நமக்குத் தெரிந்த ஓர் அளவு இரும்பை நாமே சேர்த்து மறுபடி அளக்க வேண்டும். சேர்த்தது முழுசாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறிலிருந்து நூற்றுப்பத்து வரை கிடைத்தால் நிம்மதி. இவர்களுக்குப் பாதிக்குச் சற்று மேல்தான் திரும்பியது. இரும்பு தண்ணீரில் இருக்கிறது, நிறமாகத் தெரிய மறுக்கிறது.

பி.ஹெச். தாளை நனைத்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஸ்டாண்டர்டுகளுக்கு விட்ட அதே ஐந்து மில்லி சோடியம் அசிடேட்டைத்தான் மாதிரிக்கும் விட்டிருந்தார்கள். அவ்வளவு நைட்ரிக் அமிலத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. பி.ஹெச். மூன்றுக்குக் கீழே போனால் ஹைட்ரஜன் அயனிகள் பினாந்த்ரோலினின் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். இரும்புக்கு இடம் கிடைக்காது.

அமிலம் இல்லாவிட்டால் இரும்பு அடியில் போய்விடும், அமிலம் மிஞ்சினால் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். அரை மில்லி கணக்கில் அமிலம் விட்டு மாதிரிகளை மறுபடி எடுத்தார்கள். ஸ்டாண்டர்டுகளிலும் அதே அளவு நைட்ரிக் அமிலம் சேர்த்தார்கள். பஃபர் விட்ட பிறகு ஒவ்வொரு குடுவையிலும் பி.ஹெச். தாள் வைத்துப் பார்த்தே பினாந்த்ரோலின் விட்டார்கள். ஸ்பைக் திரும்பிக் கிடைத்தது. பிப்ரவரி முடிந்திருந்தது.

விடை

ஐந்து வீட்டிலும் கால் மணி நேரம் ஓடிய தண்ணீரில் இரும்பு ஒன்றுக்கொன்று நெருங்கியே இருந்தது, எல்லாமே லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல். ஆக, அங்கிள் சொன்னது சரி. ஆனால் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் உள்ள இரண்டு வீடுகளில் முதல் தண்ணீரில் இரும்பு கணிசமாகக் கூடுதல், பி.வி.சி. போட்ட மூன்று வீடுகளில் முதலுக்கும் இரண்டாவதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காலை முதல் வாளியைப் பொறுத்தவரை அப்பா சொன்னதும் சரி.

வீட்டில் கருவி இல்லாமலே இதை ஓரளவு பார்க்கலாம். மோட்டார் குழாயில் நேராகப் பிடித்த தண்ணீர் தெளிவாக இருந்து, வாளியில் சில மணி நேரம் கழித்து மஞ்சளானால், இரும்பு கரைந்த நிலையில் மண்ணிலிருந்து வருகிறது. பிடிக்கும்போதே கலங்கலாக வந்து, வைத்தால் தெளிந்தால், பெரும்பாலும் குழாய்த் துரு.

மண்ணில் ஏன் கரைகிறது? தண்ணீர் தேங்கி, மட்கிய பொருள் நிறைந்து, காற்றுப் புகாத களிமண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அங்கே நுண்ணுயிர்கள் ஃபெரிக் இரும்பை ஃபெரஸாக மாற்றுகின்றன, ஃபெரஸ் கரையும். மேலே வந்து காற்றுப் பட்டதும் மறுபடி ஃபெரிக்காகிப் படியும். ஸ்டாக் குடுவையில் நடந்ததும் குழாய்த் துணியில் நடப்பதும் ஒரே வினை. ரிப்போர்ட்டின் விவாதப் பகுதியை அவர்கள் இந்த ஒப்பீட்டில் தொடங்கியது எனக்குப் பிடித்திருந்தது.

எழுதியதில் அடித்தவை

முதல் வரைவில் "பெருங்குடி குப்பைமேட்டின் பாதிப்பால்" என்று ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். குப்பைமேடு இருப்பது உண்மை, அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி இருப்பதும், அந்தச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்ததும் உண்மை. ஆனால் இவர்கள் அளந்தது ஐந்து வீட்டு இரும்பு. அதை வைத்துக் குப்பைமேட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. "மடிப்பாக்கம் நிலத்தடி நீரில் இரும்பு" என்ற தலைப்பும் போய், "மடிப்பாக்கத்தில் ஒரு தெருவின் ஐந்து ஆழ்துளைக் கிணறுகளில்" என்று ஆனது.

குடிநீரில் இரும்புக்கு வரம்பு எது என்பதில் ஒரு குழப்பம். சில கட்டுரைகளில் இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் என்றும், சிலவற்றில் 1.0 என்றும் இருந்தது. குடிநீருக்கான இந்தியத் தர ஆவணமான ஐ.எஸ். 10500-இன் 2012 பதிப்பில் 0.3; 2015 திருத்தத்தில் அது 1.0 ஆனது. கட்டுரைகளைப் பார்த்து எழுதாமல் ஆவணத்தையே திறந்து பார்த்ததால் தெளிந்தது. உலக சுகாதார நிறுவனம் இரும்புக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதுவும் வைக்கவில்லை, 0.3-க்கு மேல் போனால் துணியில் கறை படியும் என்கிறது. அதாவது தர நிர்ணயப்படி தண்ணீர் சரியாக இருக்கும்போதே வெள்ளைச் சட்டை போய்விடலாம்.

ரீடிங்குகளை நான்கு தசமம் வரை எழுதியிருந்ததை இரண்டாகக் குறைக்க வைத்தேன். தங்க எழுத்து பைண்டிங் வேண்டுமா என்று கேட்டார்கள். ஸ்பைரல் போதும் என்றேன், கேட்கவில்லை.

வைவா

0.15 சாய்வு வந்த பக்கத்தையும் வெளிறிய ரீடிங் பக்கங்களையும் ரிப்போர்ட்டில் சேர்க்க அவர்களுக்கு மனமில்லை. "எக்ஸ்டர்னல் மார்க் குறைப்பாங்க மேம்." பிற்சேர்க்கையில் போடச் சொன்னேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னுரையைப் புரட்டவே இல்லை, நேரே பிற்சேர்க்கைக்குப் போனார். ஹைட்ராக்சிலமீன் விடாமல் அளந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டார். ஃபெரஸ் மட்டும், விட்டு அளந்ததிலிருந்து கழித்தால் ஃபெரிக் என்று அதிகம் பேசாத பெண் சொன்னாள். அப்படியானால் உங்கள் மாதிரிகளில் ஏன் பிரித்துப் பார்க்கவில்லை என்றார். நைட்ரிக் அமிலத்தில் நாள்கணக்கில் வைத்த மாதிரியில் அந்தப் பிரிவை நம்ப முடியாது, தெருவிலேயே நின்று செய்திருக்க வேண்டும் என்றாள். அதற்கு மேல் அவர் அந்த வழியில் கேட்கவில்லை. பஃபரைப் பற்றி மட்டும் நால்வரையும் மாற்றி மாற்றிக் கேட்டார்.

விடுபட்டது ஒன்று இருக்கிறது. அளந்தது எல்லாம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. நிலத்தடி நீர் இறங்கிக் கிடக்கும் மே மாதத்தில் இரும்பு கூடுமா குறையுமா என்று தெரியாது. அடுத்த பேட்ச் அதை எடுத்துக்கொள்ளக் கேட்டார்கள். எடுத்துக்கொள்ளலாம்; ஒரே சிக்கல், மே மாதம் கல்லூரி பூட்டியிருக்கும். தண்ணீர் பிடித்து வைக்க மடிப்பாக்கத்துப் பெண் ஒப்புக்கொண்டிருக்கிறாள். லேப் சாவிக்கு முதல்வருக்கு மனு எழுதியிருக்கிறேன்.